வரைபடத்தின் அளவும் வடிவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிடெக்னிக் இறுதியாண்டுத் திட்டப்பணி, பல்கலைக்கழக ஆய்வேடு, துணைப்பாட வகுப்புக்கான பயிற்சித்தாள், சமூக மன்ற நிகழ்ச்சிக்கான சுவரொட்டி என்று பல வேலைகளுக்கு வரைபடம் போடும் சிங்கப்பூர்த் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒருவர் பைத்தான் நிரல்மொழியின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப்பைப் பயன்படுத்துவார், இன்னொருவர் ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியை, வேறொருவர் எக்செலை. சிக்கல் மட்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். படம் வரையப்படும் முழுத் தாளின் அளவு வேறு, அதற்குள் அச்சுகள் சூழ்ந்த பெட்டியின் அளவு வேறு, அந்தப் பெட்டிக்குள் தரவின் ஓர் அலகு எத்தனை செண்டிமீட்டர் பிடிக்கிறது என்பது வேறு. எதை மாற்ற நினைக்கிறோம் என்பதைத் தெளிவாக வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கீழே "தாள்", "பெட்டி" என்ற சொற்களை இந்தப் பொருளில்தான் பயன்படுத்துகிறேன். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நிரலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

மேட்பிளாட்லிப்பில் ஃபிக்சைஸ் என்று இரண்டு எண்கள் கொடுக்கிறோமே, அவை பிக்சலா, செண்டிமீட்டரா?

இரண்டும் இல்லை, அங்குலம். முதல் எண் அகலம், இரண்டாவது உயரம். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 6.4 அங்குல அகலமும் 4.8 அங்குல உயரமும் கொண்ட தாளை அது எடுத்துக்கொள்ளும். டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்ற கணக்கு. அதன் இயல்பு மதிப்பு 100. இரண்டையும் பெருக்கினால் 640க்கு 480 பிக்சல் படம் கிடைக்கும். பழைய பாடக்குறிப்புகளில் 8க்கு 6 அங்குலம், டிபிஐ 80 என்று பார்த்திருப்பீர்கள். அது 2.0 பதிப்புக்கு முந்தைய வழக்கம். கணக்குப் போட்டால் அதிலும் அதே 640க்கு 480தான் வரும்.

நாம் செண்டிமீட்டரில் வளர்ந்தவர்கள். அதனால் நிரலின் தொடக்கத்திலேயே "செ.மீ. என்பது 1 வகுத்தல் 2.54" என்று ஒரு மாறியை எழுதி வைத்துவிட்டு, அகலத்தையும் உயரத்தையும் அதனால் பெருக்கிக் கொடுங்கள். ஏ4 தாளில் நான்கு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம் விட்டால் எழுதும் பகுதியின் அகலம் 15.92 செ.மீ. அறிக்கைக்குப் படம் போடுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் இது ஒன்றுதான்.

படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து சிறுத்துவிடுகிறது. ஏன்?

இந்தப் பட்டியலிலேயே அதிகம் பேரைக் குழப்பும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எழுத்தின் அளவு பாயிண்டில் சொல்லப்படுகிறது. ஓர் அங்குலத்தில் 72 பாயிண்ட். மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்து 10 பாயிண்ட். தாள் எவ்வளவு பெரிதானாலும் 10 பாயிண்ட் எழுத்து அதே உயரத்தில்தான் நிற்கும். ஒரு மாணவர் "படம் தெளிவாக இருக்கட்டும்" என்று 16 அங்குல அகலத்தில் வரைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வேர்டு ஆவணத்தில் ஒட்டியதும், மேலே சொன்ன 15.92 செ.மீ.க்குள், அதாவது ஏறக்குறைய 6.3 அங்குலத்துக்குள், அது தானாகச் சுருங்கும். 10 பாயிண்ட் எழுத்து 4 பாயிண்டுக்கும் கீழே போய்விடும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். பிரிண்ட் எடுத்துக் கையில் பிடித்த மேற்பார்வையாளருக்கு அச்சில் எழுதியிருப்பது என்னவென்றே தெரியாது.

தெளிவு வேண்டுமென்றால் டிபிஐயை உயர்த்துங்கள். தாளின் அளவை அப்படியே விட்டுவிட்டு டிபிஐயை 100இலிருந்து 300க்குக் கொண்டுபோனால் எழுத்து, கோடு, புள்ளி எல்லாமே ஒரே விகிதத்தில் கூடுதல் பிக்சல் பெறும். தோற்றம் மாறாது, கூர்மை மட்டும் கூடும். எழுத்து பெரிதாக வேண்டுமென்றால் எழுத்தின் அளவை மாற்றுங்கள், அல்லது தாளைச் சிறிதாக்குங்கள்.

படம் கடைசியில் எந்த இடத்தில், எத்தனை செண்டிமீட்டரில் உட்காரப்போகிறதோ, அந்த அளவிலேயே தொடக்கத்திலிருந்து வரையுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முதல் விதி. பல ஆய்விதழ்களில் ஒரு பத்தியின் அகலம் 9 செ.மீ.க்குப் பக்கத்தில்தான் இருக்கும். அங்கே போகும் படத்தை 9 செ.மீ.யிலேயே வரைந்தால் 8 பாயிண்ட் எழுத்து 8 பாயிண்டாகவே பிரிண்டில் வரும்.

நான் கொடுத்த அளவு ஒன்று, சேமித்த கோப்பின் அளவு வேறு. எங்கே போயிற்று?

சேமிக்கும் கட்டளையில் "பிபாக்ஸ் இன்ச்சஸ்" என்பதற்கு "டைட்" என்று கொடுத்திருப்பீர்கள். அது சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டிவிட்டு, மீதியுள்ள படத்தைச் சுற்றிச் சிறு ஓரம் வைத்துச் சேமிக்கும். தலைப்பு நீளமாக இருந்தால் கோப்பு அகலமாகும், குறைவாக இருந்தால் ஒடுங்கும். உலாவியிலேயே நிரல் எழுதி இயக்கும் ஜூப்பிட்டர் நோட்புக்கில் நீங்கள் கேட்காமலேயே திரைக்கு இப்படித்தான் வெட்டித் தருகிறது. அதனால் அங்கே தெரியும் அளவை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

அளவு துல்லியமாக வேண்டுமென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, படத்தை உருவாக்கும்போதே "லேஅவுட்" என்பதற்கு "கன்ஸ்ட்ரெய்ண்ட்" என்று கொடுங்கள். தாள் மாறாது, உள்ளே உள்ள பெட்டி, எழுத்துகளுக்கு இடம் விட்டுத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

அப்படியானால் அடுத்தடுத்து வைக்கும் இரண்டு படங்களின் பெட்டிகள் ஒரே அளவில் வரவில்லையே?

வராது. தாள்தான் ஒரே அளவு, பெட்டி அல்ல. ஒரு படத்தின் செங்குத்து அச்சில் 5, 10 என்றும் இன்னொன்றில் 1,200,000 என்றும் இருந்தால் இரண்டாவதில் எண்கள் இடத்தைத் தின்றுவிடும், பெட்டி ஒடுங்கும். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அடிக்கோடு கூட நேராக நிற்காது.

இந்த இடத்தில் தானியங்கி ஒழுங்கமைப்பை நிறுத்திவிட்டு ஓரங்களை நீங்களே சொல்ல வேண்டும். மேட்பிளாட்லிப்பில் "சப்பிளாட்ஸ் அட்ஜஸ்ட்" கட்டளையில் இடம், வலம், மேல், கீழ் நான்கையும் தாளின் பின்னமாகக் கொடுத்து, எல்லாப் படங்களுக்கும் அதே நான்கு எண்களைப் பயன்படுத்துங்கள். ஆரில் "பார்" கட்டளையின் "மாய்" என்ற விருப்பம் ஓரங்களை அங்குலத்தில் வாங்கிக்கொள்ளும். க்னுபிளாட் என்ற வரைபட மென்பொருளில் "செட் எல்மார்ஜின் அட் ஸ்கிரீன் 0.15" என்பது போல இடது, வலது ஓரங்களைத் தாளில் ஆணியடித்துவிடலாம்.

வட்டம் வரைந்தால் முட்டையாக வருகிறது.

மென்பொருள் பெட்டியை நிரப்பவே பார்க்கும். கிடையச்சின் ஓர் அலகும் செங்குத்து அச்சின் ஓர் அலகும் தாளில் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மேட்பிளாட்லிப்பில் "செட் ஆஸ்பெக்ட்" என்பதற்கு "ஈக்வல்". ஆரின் சாதாரணப் பிளாட்டில் "ஏஎஸ்பி" என்பதற்கு 1. ஆரின் ஜிஜிபிளாட்2 தொகுப்பு என்றால் "கோஆர்ட் ஃபிக்ஸ்ட்". க்னுபிளாட்டில் "செட் சைஸ் ரேஷியோ" என்று எழுதி எதிர்ம எண் 1 கொடுங்கள்; நேர்ம 1 கொடுத்தால் பெட்டி சதுரமாகும், ஆனால் அலகுகள் சமமாகாது. இந்த வேறுபாட்டைத் தவறவிடுபவர்கள் நிறைய. இணையப்பக்கப் படங்களுக்கான பிளாட்லியில் செங்குத்து அச்சின் "ஸ்கேல் ஆங்கர்" என்பதில் கிடையச்சைக் கொடுத்தால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். எக்செலில் இதற்கென்று ஒரு பொத்தான் கிடையாது. அச்சு எல்லைகளை ஒன்றாக வைத்து, பெட்டியைச் சதுரமாகக் கையால் இழுக்க வேண்டியதுதான்.

மேட்பிளாட்லிப்பில் இன்னொன்று. "ஈக்வல்" கொடுத்ததும் பெட்டி சுருங்கி, இருபுறமும் வெற்றிடம் வரும். பெட்டி அப்படியே இருந்து அச்சு எல்லை விரியட்டும் என்றால் "அட்ஜஸ்டபிள்" என்பதற்கு "டேட்டாலிம்" என்று கொடுங்கள்.

எம்ஆர்டி நிலையங்களைப் புள்ளிகளாகப் போட்டேன், தீவு உயரமாக நீண்டு தெரிகிறது. என்ன செய்வது?

நம் தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 50 கி.மீ., வடக்கு தெற்காக ஏறக்குறைய அதில் பாதி. மேட்பிளாட்லிப்பின் இயல்புப் பெட்டியோ அகலத்தில் 4, உயரத்தில் 3 என்ற விகிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தீவை அதில் திணித்தால் உயரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். ஜூரோங்கும் சாங்கியும் நெருங்கி வந்ததுபோலவும், உட்லண்ட்ஸ் எங்கோ தொலைவில் இருப்பதுபோலவும் தோன்றும்.

இதற்கும் "ஈக்வல்"தான் மருந்து. இதில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நேரடியாகப் போடும்போது, செங்குத்து அலகைக் கிடை அலகைப் போல "1 வகுத்தல் அட்சரேகையின் கோசைன்" மடங்கு நீட்ட வேண்டும். சிங்கப்பூர் 1.35 பாகை வடக்கில் இருப்பதால் அந்தக் கோசைன் 0.9997; பிழை கண்ணுக்கே தெரியாது. இதே நிரலை லண்டனுக்கு எடுத்துப் போனால் கோசைன் 0.62 ஆகிவிடும், அங்கே சும்மா "ஈக்வல்" போட்டால் நகரம் பக்கவாட்டில் நீண்டுவிடும். மீட்டரில் வேலை செய்ய விரும்பினால் எஸ்விஒய்21 என்ற நம் நாட்டு ஆயத்தொலை முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆயத்தொலை முறைகளை மென்பொருள் அடையாளம் காணும் ஈபிஎஸ்ஜி எண் இதற்கு 3414. அதில் இரண்டு அச்சும் மீட்டர் என்பதால் யோசிக்க வேண்டியதே இல்லை.

அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று எதை வைத்து முடிவு செய்வது? அழகுதானே?

அழகு மட்டும் இல்லை. வடிவம் மாறினால் படம் சொல்லும் செய்தியே மாறும்.

சிங்கப்பூரின் மாதச் சராசரி வெப்பநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் பார்த்தாலும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் இடையே ஏறத்தாழ 2 பாகைதான் வேறுபாடு. அச்சை 26.5இலிருந்து 29 வரை வைத்து, குறுகலான உயரப் படமாக வரைந்தால் மே மாதம் மலையுச்சி போல நிற்கும். அதே எண்களை அகலமான தாழ்ந்த படத்தில் போட்டால் மெல்லிய அலை. எண் எதுவும் பொய் இல்லை. ஆனால் பார்ப்பவர் மனத்தில் பதிவது வேறு.

1988இல் புள்ளியியலாளர் வில்லியம் கிளீவ்லண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். கோட்டுப்படத்தில் சிறுசிறு கோட்டுத்துண்டுகளின் சாய்வு சராசரியாக 45 பாகைக்கு அருகில் வரும்படி வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால், ஒரு சாய்வுக்கும் இன்னொரு சாய்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் எளிதில் பிடிக்கும் என்பது அவர்கள் கருத்து. இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு சூரியக் கரும்புள்ளிகளின் எண்ணிக்கை. சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது ஏறி இறங்கும். சதுரப் படத்தில் போட்டால் ஊசி ஊசியாக நிற்கும், வேறொன்றும் தெரியாது. உயரத்தைக் குறைத்து நீளவாக்கில் விரித்துப் பாருங்கள்: உயரமான சுழற்சிகளில் ஏற்றம் வேகமாகவும் இறக்கம் மெதுவாகவும் இருப்பது பளிச்சென்று தெரியும். ஆரின் லேட்டிஸ் தொகுப்பில் "ஆஸ்பெக்ட்" என்பதற்கு "எக்ஸ்ஒய்" கொடுத்தால் இந்தக் கணக்கை அதுவே போட்டுத் தரும்.

இதை மாறாத சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாங்கியின் மாத மழையளவைப் பட்டைப்படமாகப் போடும்போது சாய்வு என்ற பேச்சே இல்லை. அங்கே டிசம்பர் பட்டை பிப்ரவரி பட்டையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு உயரம் என்பது தெரிந்தால் போதும். அதற்கு அச்சு சுழியத்தில் தொடங்க வேண்டும், பட்டைகளின் கீழே மாதப் பெயர்கள் இடிக்காமல் நிற்க அகலம் வேண்டும். என் கை முதலில் போவது அகலம் 16, உயரம் 9 செ.மீ.க்கு, பிறகு தரவைப் பார்த்து மாற்றுவேன். இரண்டு அச்சும் ஒரே அளவையைக் காட்டும் புள்ளிப்படம் என்றால் சதுரம்தான், பேச்சே இல்லை.

நான் துணைப்பாட ஆசிரியர். ஓ நிலைக் கணிதத்தில் "2 செ.மீ.க்கு 1 அலகு" என்று கேட்பார்களே, அதே அளவில் பிரிண்ட் எடுக்க முடியுமா?

முடியும். அளவுகோல் வைத்து அளந்தால் சரியாக இருக்கும்படியே எடுக்கலாம். கிடையச்சு எதிர்ம 2 முதல் 6 வரை, 2 செ.மீ.க்கு 1 அலகு. செங்குத்து அச்சு எதிர்ம 4 முதல் 8 வரை, 1 செ.மீ.க்கு 1 அலகு என்று வைத்துக்கொள்வோம். கிடையில் 8 அலகு, ஆகவே பெட்டியின் அகலம் 16 செ.மீ. செங்குத்தில் 12 அலகு, ஆகவே உயரம் 12 செ.மீ.

தாளை முழு ஏ4 ஆக, 21க்கு 29.7 செ.மீ. என்று வையுங்கள். அப்புறம் "ஆட் ஆக்சஸ்" கட்டளையால் பெட்டியை நீங்களே பொருத்த வேண்டும். அது பின்னங்களைக் கேட்கும்: இடது ஓரம் 2.5 வகுத்தல் 21, அகலம் 16 வகுத்தல் 21, உயரம் 12 வகுத்தல் 29.7, கீழ் ஓரம் உங்கள் விருப்பம். வகுத்தலை நிரலிலேயே எழுதிவிடுங்கள், கையால் தசமமாக்கிக் கொடுக்காதீர்கள். அச்சு எல்லைகளைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மென்பொருள் இருபுறமும் கொஞ்சம் இடம் சேர்த்துக்கொள்ளும், கணக்கு தப்பும். வரைபடத்தாளின் 2 மி.மீ. சிறுகட்டம் வேண்டுமென்றால் கிடையில் 0.1 அலகுக்கும் செங்குத்தில் 0.2 அலகுக்கும் மெல்லிய கோடு போடச் சொல்லுங்கள்.

பிடிஎஃப் கோப்பாக, "டைட்" இல்லாமல் சேமியுங்கள். பிரிண்ட் எடுக்கும்போது "ஃபிட்" என்ற தேர்வை விட்டு "ஆக்சுவல் சைஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பலருக்கு எல்லாம் சரியாக இருந்தும் 16 செ.மீ. 15.5 ஆகிவிடுவது இந்தக் கடைசிப் படியில்தான். முதல் தாளை அளவுகோலால் அளந்து பார்த்துவிட்டு மீதியை எடுங்கள். பிள்ளைகள் அந்தத் தாளில்தான் அளந்து படிக்கப்போகிறார்கள்.

சீபார்னில் ஃபிக்சைஸ் கொடுத்தால் கண்டுகொள்வதே இல்லை.

சீபார்ன், மேட்பிளாட்லிப்பின் மேல் கட்டப்பட்ட தொகுப்பு. அதன் "ரெல்பிளாட்", "கேட்பிளாட்" போன்ற கட்டளைகள் தமக்கான தாளைத் தாமே உருவாக்குபவை. அவற்றுக்கு "ஹைட்" என்று ஒரு சிறு பெட்டியின் உயரத்தை அங்குலத்திலும், "ஆஸ்பெக்ட்" என்று அகலம் உயரத்தைப் போல எத்தனை மடங்கு என்பதையும் கொடுக்க வேண்டும். இயல்பாக 5 அங்குலம், 1 மடங்கு. முன்னதாகவே ஃபிகர் கட்டளை எழுதி வைத்தால் கூடுதலாக ஒரு வெற்றுப் படம் வரும், அவ்வளவுதான்.

எக்செலில் வடிகட்டியைப் போட்டதும் படம் நசுங்கிப் போகிறது.

படம் அதன் பின்னால் உள்ள கட்டங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரிகள் மறைந்தால் படத்தின் உயரமும் குறையும். பல வரிகள் மறைந்தால் ஒரு கோடு போல ஆகிவிடும். படத்தின் வெளிப்பகுதியில் வலது சொடுக்கு, "ஃபார்மட் சார்ட் ஏரியா", அதில் அளவுக்கான பிரிவு, அதன் "பிராப்பர்ட்டீஸ்" என்று போய் "டோன்ட் மூவ் ஆர் சைஸ் வித் செல்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் உயரத்தையும் அகலத்தையும் செ.மீ.யில் எண்ணாகவே தட்டலாம்; பல படங்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்துத் தட்டினால் எல்லாம் ஒரே அளவாகும். மூலையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

அச்சுகளில் தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாக வருகிறது, அல்லது எழுத்து பிரிந்துவிடுகிறது. இடமும் போதவில்லை.

மூன்று தனிச் சிக்கல்கள். மேட்பிளாட்லிப்புடன் வரும் டெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை; அதனால் கட்டங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவி, அதைப் பயன்படுத்தச் சொன்னால் கட்டம் போய்விடும்.

அடுத்தது பிரிந்த எழுத்து. "வெப்பநிலை" என்று எழுதினால் வகரத்துக்குப் பின்னால் ஒற்றைக்கொம்பு வந்து நிற்கும். பரவலாகப் புழங்கும் பதிப்புகள் எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே வரைகின்றன, கொம்பை முன்னால் நகர்த்துவதில்லை. இதை அப்படியே விட்டுப் பிரிண்ட் எடுக்காதீர்கள். நான்கு மொழிச் சுவரொட்டியில் நம் மொழி மட்டும் உடைந்து நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, "எஸ்விஜி ஃபான்ட்டைப்" என்பதற்கு "நன்" என்று கொடுத்தால் எழுத்து எழுத்தாகவே கோப்பில் இருக்கும். உலாவியில் திறந்தால் அது சரியாகச் சேர்த்துக் காட்டும், அங்கிருந்து பிடிஎஃப் எடுக்கலாம். ஆர் பயன்படுத்துபவர்கள் ராக் தொகுப்பின் வழியாகச் சேமித்தால் தமிழ் ஒழுங்காக வரும். எக்செலில் இந்தத் தொல்லை இல்லை.

இடத்துக்கு வருவோம். "வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்" என்பது ஒரு பட்டையின் கீழே எந்த வழியிலும் அடங்காது. எழுத்தைச் சாய்த்து எழுதுவதைவிடப் பட்டைகளைக் கிடையாகப் படுக்க வைத்துவிடுங்கள். இடது ஓரத்துக்குத் தாளின் மூன்றில் ஒரு பங்கைத் தாராளமாகக் கொடுங்கள். வீவக என்று எழுதினாலே எல்லாருக்கும் புரியும் இடத்தில் அப்படியே எழுதலாம். சுழிகளும் கொம்புகளும் நிறைந்த எழுத்து நம்முடையது, ஆங்கிலத்துக்குப் போதும் என்கிற அளவைவிட ஒன்றிரண்டு பாயிண்ட் கூட்டி வையுங்கள்.

ஆரில் "ஃபிகர் மார்ஜின்ஸ் டூ லார்ஜ்" என்று வருகிறது.

ஆர்ஸ்டூடியோவில் படம் தெரியும் பலகம் ஓரங்களுக்கே போதாத அளவு சிறிதாக இருக்கிறது. பலகத்தை இழுத்துப் பெரிதாக்குங்கள், அல்லது நேரடியாகக் கோப்பில் வரையுங்கள். கோப்பில் வரையும்போது அளவைச் சொல்ல மறக்காதீர்கள். பிஎன்ஜி என்றால் இயல்பாக 480க்கு 480 பிக்சல், பிடிஎஃப் என்றால் 7க்கு 7 அங்குலம், இரண்டுமே சதுரம். ஜிஜிபிளாட்2 படங்களைச் சேமிக்கும் ஜிஜிசேவ் கட்டளைக்கு அளவு சொல்லாவிட்டால் அந்த நேரத்தில் பலகம் இருக்கும் அளவையே எடுத்துக்கொள்ளும். நேற்று வந்த படமும் இன்று வந்த படமும் வேறுபடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிளாட்லி படம் கைப்பேசியில் பாதி வெட்டுப்படுகிறது.

அகலத்தை எண்ணாகக் கொடுக்காதீர்கள். "ஆட்டோசைஸ்" இருக்கட்டும், "ரெஸ்பான்சிவ்" என்பதையும் இயக்குங்கள். உயரத்தை மட்டும் எண்ணாக வைக்கலாம். நம் ஆட்கள் எம்ஆர்டியில் நின்றுகொண்டே பார்ப்பவர்கள், குறிவிளக்கத்தை வலப்பக்கம் விடாமல் படத்தின் கீழே கொண்டுபோங்கள். அகலத்தில் கணிசமான பகுதி மீளும்.

ஏ1 சுவரொட்டிக்குப் படம் வேண்டும். பிராஸ் பசாவில் பிரிண்ட் எடுக்கப் போகிறேன். 594க்கு 841 மி.மீ. என்றே தாளை வைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஏ3 அளவில் வேலை செய்யுங்கள், அது மேசைத் திரையில் பார்க்க வசதி. ஏ வரிசைத் தாள்கள் எல்லாம் ஒரே வடிவம் என்பதால் ஏ3ஐ நீளத்திலும் அகலத்திலும் சரியாக இரண்டு மடங்காக்கினால் ஏ1. நீங்கள் வைத்த 12 பாயிண்ட் எழுத்து 24 ஆகிவிடும். கடைக்குப் பிடிஎஃப் கொடுங்கள், அதில் கோடுகள் கோடுகளாகவே இருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது. ஆயிரக்கணக்கான புள்ளிகள் கொண்ட படம் என்றால் மட்டும் கோப்பு கனத்துவிடும். அப்போது புள்ளிகளின் அடுக்கு மட்டும் பிக்சல் படமாகும்படி அதற்கு "ராஸ்டரைஸ்ட்" என்று கொடுத்து, சேமிக்கும்போது டிபிஐயை 600 ஆக்குங்கள். இரண்டு மடங்காகும்போது அது 300 ஆக நிற்கும். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.